இக்லாலுக்கும் தவ்ஹீதாவுக்கும் நடுவில்

"சுவர் எழுப்பணும்மா. நீ எழுப்பித் தருவியா?" என்று தொலைபேசியில் ஒரு பெண்குரல் கேட்டது.

"நம்பர் மாறிடுச்சு போல மேடம். நான் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கிறவ. கொத்து வேலை தெரியாது" என்றாள் ஷாஹிந்தா.

"கொத்தனார் வேணும்னா கீழ காபிக் கடையிலயே நாலு பேர் உக்காந்திருக்கான். நான் கேக்கறது உன்னோட சுவர். என் கம்ப்யூட்டருக்கும் அவ கம்ப்யூட்டருக்கும் நடுவுல. அவ கை இனிமே என் பக்கம் நீளவே கூடாது."

பேசியவள் தவ்ஹீதா. அந்த 'அவ', இக்லால். எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் ரம்ல் டிராம் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருவரும் சேர்ந்து மொழிபெயர்ப்பு அலுவலகம் நடத்தி வந்தார்கள். வெளிநாடு போகிறவர்கள் கொண்டுவரும் பிறப்பு, திருமண, பட்டச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பது தொழில். இக்லாலுக்குப் பிரெஞ்சும் இத்தாலியமும் வரும். தவ்ஹீதாவுக்கு ஆங்கிலமும் ஜெர்மனும். இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்லூரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள், அப்படியே எழுந்து வந்து அலுவலகத்திலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள் என்றுதான் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஷாஹிந்தா இதற்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவள். ஊழியர்களின் திரையில் என்ன ஓடுகிறது என்று மேலிடம் பார்க்க வழி செய்து தரச் சொன்னார்கள். "அவங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யறேன்" என்றாள். "சொல்லாமச் செய்யறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றார் மேலாளர். மறுவாரமே வெளியே வந்துவிட்டாள். இப்போது தனியாக, தோளில் ஒரு பையுடன், கடை கடையாக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். டாக்டர்கள், வக்கீல்கள், ஒரு மீன் ஏற்றுமதிக்காரர். சுவர் கேட்டு யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலை அவள் போனபோது வெளியே மார்ச் மாதத்துக் கடற்புயல் சன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கூடம், அதன் இரு பக்கமும் எதிரும் புதிருமாக இரண்டு அறைகள், இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. ஒரு அறையில் பருமனாக, கறுப்புச் சட்டையில் தவ்ஹீதா. எதிர் அறையில் ஒல்லியாக, கழுத்தில் பூப்போட்ட துணியுடன் இக்லால். இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அவகிட்ட கேளு, முத்திரை எங்கன்னு" என்றாள் தவ்ஹீதா ஷாஹிந்தாவிடம்.

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. "மேசையில, அவ மூக்குக்கு எதிர்லயே இருக்குன்னு சொல்லு" என்று எதிர் அறையிலிருந்து பதில் வந்தது.

"மூக்கைப் பத்தி யார் பேசறதுன்னு கேளு."

ஷாஹிந்தா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூடத்து மேசையில் பையை வைத்து, கொண்டுவந்திருந்த ஃபயர்வால் பெட்டியை வெளியே எடுத்தாள். ஒரு தடித்த புத்தகம் அளவுக்குத்தான் இருந்தது. இதுவரை அந்த அலுவலகத்தில் இன்டர்நெட் நிறுவனம் கொடுத்த ஒரு ரவுட்டர், அதிலிருந்து எல்லாருக்கும் எல்லாமும் தெரிகிற ஒரே நெட்வொர்க், அவ்வளவுதான். இக்லால் தன் மேசையில் உட்கார்ந்தபடி தவ்ஹீதாவின் ஃபோல்டர்களைத் திறக்கலாம். தவ்ஹீதாவும் அப்படியே.

"ஒரே வீட்டை ரெண்டு போர்ஷனாத் தடுக்கற மாதிரி மேடம்" என்று இரண்டு அறைக்கும் கேட்கும்படி விளக்கினாள். "தெருக்கதவு ஒண்ணுதான். இன்டர்நெட் அது வழியா வரும். அந்தக் கதவுல இந்தப் பெட்டி காவல். உள்ளே உங்களுக்கு ஒரு நெட்வொர்க், அவங்களுக்கு ஒரு நெட்வொர்க். கேபிள் அதே கேபிள்தான். ஆனா ஒருத்தரோட கம்ப்யூட்டர் இன்னொருத்தர் கண்ணுக்கே தெரியாது."

"கேபிள் ஒண்ணுன்னா கலந்துடாதா?" என்றாள் தவ்ஹீதா சந்தேகமாக.

"போற வர்ற ஒவ்வொண்ணு மேலயும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். பத்துன்னா உங்களுது. இருபதுன்னா அவங்களுது. பெட்டி நம்பரைப் பாத்துப் பிரிச்சு அனுப்பிடும். இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போகணும்னா, நான் தனியா ஒரு அனுமதி எழுதி வச்சாத்தான் உண்டு. எழுதலன்னா சுவர்தான்."

"அவளுக்கு மட்டும் ஏன் இருபது?"

"வயசுல மூத்தவ அவதான். அந்த இருபதை அவளுக்கே குடுத்துடும்மா" என்றது எதிர் அறை.

"எட்டு மாசம்! எட்டு மாசம்தான் நான் மூத்தவ!"

கடைசியில் தவ்ஹீதாவுக்கு இருபது. பிரிண்டர் ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வாங்க இருவருக்குமே மனமில்லை. அதற்கு முப்பது என்று தனியாக ஒரு நெட்வொர்க். இரண்டு பேரும் அதனிடம் போகலாம், அது யாரிடமும் வராது. "அந்த ஒண்ணாவது இந்த வீட்டுல மரியாதை தெரிஞ்சு இருக்கட்டும்" என்றாள் தவ்ஹீதா.

பழைய கேபிள்கள் எது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதற்கே அன்றைய பொழுது போதவில்லை. ஷாஹிந்தா மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது மேலிருந்து தவ்ஹீதா தன் கதையைச் சொன்னாள்.

"ஆறேழு மாசமா என் பேப்பரையெல்லாம் அவ திருத்தியிருக்கா. எனக்குத் தெரியாம. நான் பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்த நேரத்துல என் ஃபைல் மாறியிருக்கு. யார் மாத்தினதுன்னு பாத்தா, கம்ப்யூட்டரே அவ பேரைச் சொல்லுது. பின்னாடி போய்ப் போய்ப் பாத்தேன். எல்லாத்துலயும் அவ பேரு. ஸ்கூல் பிள்ளை நோட்டுல டீச்சர் சிவப்பு மை போடற மாதிரி. ரெண்டு பேருமா சேந்து ஆரம்பிச்ச ஆபீஸும்மா இது."

அந்தக் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. ஷாஹிந்தா கேபிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அடியிலேயே இருந்துவிட்டாள்.

வெளியே வந்து, தவ்ஹீதாவின் புதிய கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். தவ்ஹீதா தட்டினாள். தவறு என்றது. மறுபடி தட்டினாள். மறுபடியும் தவறு. ஷாஹிந்தா கையெழுத்தில் எழுதியிருந்த இரண்டை அவள் மூன்று என்று தட்டியிருந்தாள். அரபு எழுத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் மேலே சீப்புப் பல் போல ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம். கையால் எழுதினால் அதுவும் சில சமயம் தெரியாது. ஆனால் தவ்ஹீதா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போய், வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றாள்.

"ஆமா மேடம், எங்கம்மாவும் சொல்வாங்க" என்று சொல்லி ஷாஹிந்தா அடுத்த முறை எண்களைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் முற்பகல், காகிதங்களில் அரசு ஒப்புதல் வாங்கிவரத் தவ்ஹீதா வெளியே போயிருந்தாள். அவள் காலடி மாடிப்படியில் தேய்ந்து மறைந்ததும் இக்லால் ஒரு தம்ளர் புதினாத் தேநீரைக் கொண்டுவந்து ஷாஹிந்தா பக்கத்தில் வைத்தாள்.

"சுவர் போடு. நான் வேண்டாங்கல. ஆனா சுண்டு விரல் நுழையற அளவு ஒரு ஓட்டை வை."

"எதுக்கு மேடம்?"

"அவ பேப்பரை நான் பாக்கணும்."

"அதுக்காகத்தானே சுவரே போடறாங்க."

"தெரியுது. ஒரு பொண்ணு வந்தா, ஜெர்மனிக்குப் படிக்கப் போறவ. பிறந்த வருஷம் ரெண்டாயிரத்து ரெண்டு. இவ மூணுன்னு போட்டுட்டா. தூதரகத்துல திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த நாற்காலியிலதான் உக்காந்து அழுதா அந்தப் பொண்ணு. தவ்ஹீதா அப்ப இங்க இல்ல. நான் சரி பண்ணிக் குடுத்து, தூதரகத்துல அவளுக்கு மறுபடி நேரமும் வாங்கிக் குடுத்தேன். இவகிட்ட சொல்லல. அதுலேர்ந்துதான் ராத்திரி வீட்டுல உக்காந்து ஒவ்வொண்ணா பாக்க ஆரம்பிச்சேன்."

"அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே."

"மம்தூஹ் போனதுக்கப்புறம் அவளுக்கு இந்த வேலை ஒண்ணுதான்மா இருக்கு. அதுலயும் தப்பு வருதுன்னு சொல்லவா?"

மம்தூஹ் தவ்ஹீதாவின் கணவர். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை.

ஷாஹிந்தா தேநீரைத் தொடாமல், "முடியாது மேடம்" என்றாள். "பூட்டச் சொன்னவங்களுக்குத் தெரியாம கள்ளச்சாவி செய்யற ஆள் இல்ல நான்."

இக்லால் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போனாள். பிறகு திரும்பி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"சரி, பேப்பர் வேண்டாம். அந்தப் பச்சை விளக்காவது தெரியுமா?"

அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. யாருடைய கம்ப்யூட்டர் ஓடுகிறதோ அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். இக்லால் பத்து மணிக்குத்தான் அலுவலகம் வருவாள். காலையில் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் அலுவலக நெட்வொர்க்குக்குள் வந்து வேலை பார்ப்பாள். தவ்ஹீதா எட்டு மணிக்கே வந்துவிடுகிறவள்.

"எட்டு மணிக்கு அவ பேர்ல பச்சை எரியும். அதைப் பாத்துட்டுத்தான் நான் காபி வைப்பேன்" என்றாள் இக்லால். "அவளுக்குச் சர்க்கரை இருக்கு. தனியா இருக்கா. போன குளிர்காலத்துல ஒருநாள் ஒன்பது ஆச்சு, பச்சையக் காணோம். என்கிட்ட அவ வீட்டுச் சாவி ஒண்ணு இருக்கு. ஓடிப்போய்த் திறந்தா பாத்ரூம்ல விழுந்து கிடக்கறா. முத்திரைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியோன்னு பாக்க வந்தேன்னு சொல்லிட்டேன். வேவு பாத்தேன்னு நினைச்சுடுவாளேன்னு."

"போன் பண்ணிக் கேக்கலாமே மேடம்?"

"கேட்டா, 'இன்னும் சாகல'ன்னு சொல்லி வச்சிடுவா."

அந்த ஒரு பச்சைப் புள்ளியை மட்டும் சுவரைத் தாண்டி விடுவது ஷாஹிந்தாவுக்குப் பெரிய வேலையே இல்லை. பெட்டியில் ஒற்றை வரி. ஆனாலும் அவள், "செய்யறேன் மேடம். ஆனா பெட்டி ரெண்டு பேருக்கும் பொது. அதுல என்ன எழுதினாலும் ரெண்டு பேருக்கும் சொல்லிட்டுத்தான் எழுதுவேன்" என்றாள்.

"அப்படின்னா வேண்டாம். விட்டுடு" என்றாள் இக்லால். "நீயும் அவகிட்ட இதைச் சொல்லக் கூடாது. சத்தியம்?"

ஷாஹிந்தா தலையசைத்தாள். தேநீர் ஆறிப் போயிருந்தது. அப்படியே குடித்தாள்.

அன்று மதியம் தவ்ஹீதா திரும்பி வந்தபோது இரண்டு பொட்டலம் கல்லீரல் சாண்ட்விச் வாங்கி வந்திருந்தாள். ஒன்றை ஷாஹிந்தாவுக்குக் கொடுத்தாள். இன்னொன்றைக் கூடத்து மேசையில், இரண்டு அறைக்கும் சரிபாதி தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அது அங்கே இல்லை.

நாலு மணிக்கு எதிர் அறையிலிருந்து குழந்தையின் சத்தம் கேட்டது. மாண்ட்ரியலில் இருக்கும் இக்லாலின் மகள் தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவாள். தவ்ஹீதா ஷாஹிந்தாவைத் தன் அறைக்குள் சைகையால் அழைத்துக் கதவை ஒருக்களித்தாள்.

"நாலு மணிக்கு நான் எதையாவது அனுப்பினா அவ படம் துண்டு துண்டாப் போயிடுது. பாட்டி மூஞ்சி உடைஞ்சு உடைஞ்சு வந்தா அந்தக் குழந்தை பயந்து அழுது. நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் லைன் முழுக்க அவ பக்கம் போற மாதிரி செய்ய முடியுமா உன் பெட்டியில?"

"முடியும் மேடம். அவங்க நெட்வொர்க்குக்கு முன்னுரிமை குடுத்துடலாம்."

"குடுத்துடு. நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். சமாதானத்துக்கு வர்றேன்னு நினைச்சுக்குவா. திமிர் ஏறிடும்."

ஷாஹிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. காலையில் சொன்னதையே மறுபடி சொன்னாள்: பெட்டி பொது, எழுதுவதை இருவரிடமும் சொல்லுவேன்.

"அப்ப வேண்டாம் போ. நீ என்ன நியாயம் தீர்க்கற காஜியாருக்குப் பொறந்தவளா?" என்று கதவைத் திறந்துவிட்டாள் தவ்ஹீதா.

சாயங்காலம் கூடத்தில் இருவரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு ஷாஹிந்தா சுவரை எழுப்பினாள். ஒரு அறை பத்து, ஒரு அறை இருபது, பிரிண்டர் முப்பது. தவ்ஹீதா தன் மேசையிலிருந்து இக்லாலின் ஃபோல்டரைத் தேடிப் பார்த்தாள். இல்லை. இக்லாலும் தேடிப் பார்த்தாள். இல்லை. இரண்டு பேரும் ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்தார்கள். அது மட்டும் வந்தது.

"ஆச்சா?" என்றாள் தவ்ஹீதா.

"ஆச்சு மேடம்."

யாரும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. இக்லால் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு முதலில் இறங்கிப் போனாள். தவ்ஹீதாவும் போனபின் ஷாஹிந்தா பெட்டியின் அமைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒற்றை வரியைத் தட்டினாள். பத்திலிருந்து இருபதுக்கு, பச்சைப் புள்ளி மட்டும். சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. யாருக்கும் தெரியப்போவதில்லை, யாருக்கும் கெடுதலும் இல்லை. நல்லதுக்குத்தானே என்று மனசு சொன்னது. இக்லாலும் ராத்திரி ராத்திரியாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்திருப்பாள் என்றும் அதே மனசு சொன்னது. ஷாஹிந்தா அந்த வரியை அழித்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

புதிய நெட்வொர்க் போட்ட மறுநாள் காலையில் கூட இருந்து பார்ப்பது அவள் வழக்கம். எட்டு மணிக்கே போய்விட்டாள். தவ்ஹீதா வந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, எல்லாம் ஓடுகிறது என்று திருப்திப்பட்டு, உறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து வைத்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

எட்டரை இருக்கும். மாடிப்படியில் யாரோ ஓடி ஏறிவரும் சத்தம். லிஃப்ட் வேலை செய்து வருடக்கணக்கு ஆகிறது. கதவு தடாலென்று திறந்தது. இக்லால். வீட்டு அங்கி மேல் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. நேராகத் தவ்ஹீதாவின் அறை வாசலுக்கு வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி? என்ன ஆச்சு?" மூன்று வாரத்துக்குப் பின் தவ்ஹீதா அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஒண்ணுமில்ல."

"வீடு தீப்பிடிச்சுதா?"

"இல்ல... முத்திரை. முத்திரைய எடுத்துட்டுப் போகலாம்னு."

"வீட்டுச் செருப்போடயா?"

இக்லால் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போல இருந்தது.

தவ்ஹீதா மெதுவாக எழுந்தாள். "அன்னைக்கும் முத்திரைன்னுதான் சொன்ன. என் பாத்ரூம் வாசல்ல வந்து நின்னப்ப. அப்புறம் ஆபீஸ் வந்து பாத்தா முத்திரை இங்கேயே இருந்துச்சு. தலையில அடிபட்டதுல எனக்குத்தான் குழப்பம்னு விட்டுட்டேன்." ஷாஹிந்தா பக்கம் திரும்பினாள். "நேத்து நீ சுவர் போட்ட. இன்னைக்கு இவ மழையில ஓடி வர்றா. என்ன சம்பந்தம்? சொல்லு."

"அது நான் சொல்ற விஷயம் இல்ல மேடம்" என்றாள் ஷாஹிந்தா. இக்லாலைப் பார்த்தாள். "நீங்க சொல்லணும்."

இக்லால் சொன்னாள். எட்டு மணி, பச்சைப் புள்ளி, காபி. குளிர்காலத்தில் ஒன்பது மணி வரை எரியாத அந்த நாள். நின்றபடியே, தண்ணீர் சொட்டியபடியே சொன்னாள்.

"இன்னைக்கு எரியாதுன்னு உனக்குத் தெரியுமேடி! உன் கண்ணு முன்னாடிதானே இந்தப் பொண்ணு சுவர் போட்டா!"

"தெரியும். சுவராலதான் தெரியலன்னு நூறு தடவ சொல்லிக்கிட்டேன். உக்கார முடியல, தவ்ஹீதா. காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு போச்சு."

தவ்ஹீதா தன் சால்வையை உருவி அவள் தலையில் போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். மெதுவாகத் துடைக்கவில்லை, அழுத்தி, முரட்டுத்தனமாக, குழந்தையைத் திட்டிக்கொண்டே துடைப்பதைப் போல.

"மெள்ளடி, காது பிஞ்சிடும்" என்றது சால்வைக்குள்ளிருந்து குரல்.

"பிய்யட்டும். என் பேப்பரை எதுக்குடி தொட்ட? அதைச் சொல்லு. சொல்லிட்டுக் காதைப் பத்திப் பேசு."

அதையும் இக்லால் சொன்னாள். ஜெர்மனிக்குப் போகவிருந்த பெண், இரண்டு, மூன்று, அந்த நாற்காலி. சால்வை நின்றது.

"அந்தப் பொண்ணு அழுதாளா?"

"கொஞ்சம். அப்புறம் போய்ச் சேந்துட்டா. இப்ப அங்கதான் படிக்கறா. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தா, உனக்கும் சேத்து."

தவ்ஹீதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் மேசைமேல் இருந்த சான்றிதழையே பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் தெரியல, மூணும் தெரியல" என்றாள். "ஒரு வருஷமா எல்லாம் பால் கலந்த மாதிரி இருக்கு. சன்னல்கிட்ட போனா கொஞ்சம் தேவலாம். டாக்டர்கிட்ட போனா கத்தி வைக்கணும்பான். எங்கம்மாவுக்கு வச்சானே, ஞாபகம் இருக்கா? நடந்து போனவள நான் கைய புடிச்சுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கடைசி வரைக்கும் என் முகத்தைத் தடவித்தான் பாத்தா."

"அது அந்தக் காலம்டி. கழுதை. என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ மட்டும் என்கிட்ட சொன்னியா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சன்னலில் வழியும் மழையைப் பார்த்தார்கள். ஷாஹிந்தா நைசாக நழுவி, சமையல் மேடையில் மூன்று தம்ளர் தேநீர் போட்டாள். வேறொருவர் அலுவலகத்தில் அனுமதி கேட்காமல் அடுப்பைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

தேநீர் பாதி ஆனதும், "சுவரை எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுக்காதே" என்றாள் தவ்ஹீதா உடனே. இக்லாலின் முகம் வாடுவதைப் பார்த்து, "அட, முழுசாக் கேளு. சுவர் இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு. அதுல ஒரு கதவு வை. தாழ்ப்பாள் என் பக்கம். நானா எடுத்து வைக்கற பேப்பரை மட்டும் அவ பாக்கட்டும். நான் குடுத்து அவ பாத்தா, அது வேற. முடியுமா?"

"முடியும் மேடம். உங்க பக்கம் ஒரு ஃபோல்டர். அதுல நீங்க போடறது மட்டும் அவங்களுக்குத் தெரியும். மத்தது எதுவும் தெரியாது."

"பிரெஞ்சுல நான் தடுமாறினா நானும் உனக்கு ஒரு ஃபோல்டர் வைக்கறேன்" என்றாள் இக்லால்.

"உன் பிரெஞ்சு எனக்கு எதுக்குடி? சரி, வை. அப்புறம் அந்தப் பச்சைப் புள்ளி. அதையும் விட்டுடும்மா. ரெண்டு பக்கமும் விடு. அவ மட்டும் நான் உயிரோட இருக்கேனான்னு பாத்துட்டு இருப்பா, நான் பாக்கக் கூடாதா? இன்னொண்ணு, அந்த நாலு மணி சமாச்சாரம். அதையும் அவ எதிர்லயே போடு. திமிர் ஏறினா ஏறட்டும்."

"என்ன நாலு மணி?" என்றாள் இக்லால்.

தவ்ஹீதா தேநீர்த் தம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஷாஹிந்தாதான் சொன்னாள். இக்லால் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எப்போதும் திறந்தே கிடந்த கதவு அது. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பாத்தியா? இதுக்குத்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றாள் தவ்ஹீதா.

ஷாஹிந்தா அன்று ஒவ்வொரு அனுமதியாக, இருவரும் இரு பக்கமும் நின்று பார்க்க, உரக்கப் படித்துக்கொண்டே எழுதினாள். இக்லால் எழுத்துப்பிழை கண்டுபிடித்தாள். தவ்ஹீதா, "அவளுக்குத் திருத்த ஒண்ணு கிடைச்சுடுச்சு, இனிமே என்னை விட்டுடுவா" என்றாள்.

வசந்தம் முடிகிற சமயத்தில், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க ஷாஹிந்தா மறுபடி அந்த மாடி ஏறினாள். கூடத்துச் சன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தவ்ஹீதாவின் வலது கண்ணில் அறுவை முடிந்திருந்தது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ போட்டிருக்கறது பச்சைச் சட்டையா? நல்லா இருக்கே" என்றாள் வந்ததுமே. "இவகிட்ட கேளு, ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுன்னு."

"கேக்காதே" என்றாள் இக்லால்.

"கண்ணுக் கட்டைப் பிரிச்சாங்களா? முதல்ல இவ மூஞ்சிதான் தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட 'யாருங்க இந்தக் கிழவி'ன்னு கேட்டுட்டேன். என் மனசுல இவ இன்னும் கறுப்பு முடியோடல்ல இருந்தா. ஒருத்தரும் எனக்குச் சொல்லவே இல்ல."

"பத்து வருஷமா நான் உன்னைப் பாத்து அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். சத்தமா கேக்கல, அவ்வளவுதான்."

ஷாஹிந்தா சிரித்துக்கொண்டே கேபிளைச் சொருகி வேலையைத் தொடங்கினாள். இக்லால் ஒரு தாளைக் காட்ட அறைக்குள் வந்தாள். தவ்ஹீதா தாளை வாங்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இக்லாலின் வாயோரத்தில் ஆழமாக இறங்கியிருந்த ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது?"

"இந்தக் கோடு."

"மம்தூஹ் இறந்த வருஷம். நீ தனியா ஆனப்ப" என்றாள் இக்லால்.

தவ்ஹீதா விரலை எடுக்கவில்லை. கீழே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. வாசலில் யாரோ, "அம்மா, பிறப்புச் சான்றிதழ் இங்கதானே மொழிபெயர்ப்பாங்க?" என்று கேட்டார்கள். இரண்டு பேரும் அசையாததைப் பார்த்து ஷாஹிந்தாவே எழுந்து போய், "ஆமா, இங்கதான். உக்காருங்க, கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள்.